போற வழிதானே

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சாப்பிட்ட கை காய்வதற்குள், பெங்களூரிலிருந்து மச்சினரின் குரல் செய்தி வந்து விழுந்தது. நாலு நிமிடம் பதினோரு விநாடி. சாரம் ஒரே வரிதான்: "அத்தான், கிரனடாவை விட்டுட்டீங்களே, போற வழிதானே?"

இதை எழுதுகிறவரை, வசதிக்காக, நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்காரர். மே கடைசியில் குடும்பத்தோடு பார்சிலோனாவில் இறங்கி, கார் எடுத்து, சரகோசா, மாட்ரிட், படாஹோஸ் வழியாக எல்லை தாண்டி, லிஸ்பனில் காரை விட்டுவிட்டு விமானம் ஏறுவது அவர் போட்ட திட்டம். சுமார் 1,250 கிலோமீட்டர், பன்னிரண்டு இரவு. மனைவி, மகன், மகள், அம்மா, மாமியார், அவர் என ஆறு பேர். எந்த வழி உத்தமம், எத்தனை நாள் வேண்டும், சுங்கத்துக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் ஆகிய மூன்றையும் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று சொல்லிவைக்கத்தான் எழுத உட்கார்ந்தார். சொல்லிவிடுவார். முதலில் இந்தக் கிரனடாவை முடித்துக்கொள்ளட்டும்.

மாட்ரிடிலிருந்து லிஸ்பன் சுமார் 625 கிலோமீட்டர், தென்மேற்கே. கிரனடாவோ மாட்ரிடுக்குத் தெற்கே 420 கிலோமீட்டர். அங்கே போய், செவில் வழியாகச் சுற்றிக்கொண்டு லிஸ்பன் வந்தால் ஆயிரம் தாண்டிவிடும். கிரனடாவில் இருக்கிற அல்ஹம்ப்ராவுக்கு நுழைவுச்சீட்டைப் பெயர் போட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். உள்ளே நஸ்ரித் அரண்மனைகளுக்கு மணி குறித்துக் கொடுப்பார்கள். அந்த மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். நம்மவர் வீட்டில் ஆறு பேரைக் குறித்த மணிக்கு வாசலில் நிறுத்தியது கடைசியாக அவருடைய கல்யாணத்தன்று. இத்தனையையும் பொறுமையாகத் தட்டச்சு செய்து அனுப்பினார். பதில் உடனே வந்தது. "அதான் சொல்றேன் அத்தான். அவ்வளவு தூரம் போயிட்டு பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்?"

இந்த 'அவ்வளவு தூரம்' என்பதற்கு உலகத்தில் பதில் கிடையாது.

மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும்போது தஞ்சாவூரைப் போற வழி என்று சொல்லி வளர்ந்த குடும்பம் இது. பூகோளம் அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. ஒரே தாளில் அச்சாகியிருந்தால் போதும், அந்த ஊர் போற வழி. மகன் ஜிப்ரால்டர் என்றான்; அங்கே நின்றால் ஆப்பிரிக்கா தெரியுமாம். அம்மாவுக்கு யாரோ செகோவியாவின் படத்தை அனுப்பியிருக்கிறார்கள், ரோமானியர்கள் கட்டிய நீர்ப்பாலம், சுண்ணாம்பே பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. மாட்ரிடிலிருந்து வடமேற்கே 90 கிலோமீட்டர்தானே என்கிறார். 90 கிலோமீட்டர்தான். போக 90. டொலேடோ தெற்கே 70. செகோவியாவும் டொலேடோவும் ஒரே நாளில் போற வழி ஆக வேண்டுமென்றால், வடக்கே போகிற கார் தெற்கேயும் போக வேண்டும். பக்கத்து ஃபிளாட் பேராசிரியருக்குச் சலமன்காவில் 800 வருஷப் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று வருத்தம். அவர் வரப்போவதில்லை, வருத்தம் மட்டும் வருகிறது.

எதிர்வீட்டு அக்கா வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடந்தே போகிறவர். ஃபாத்திமாவில் தன் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். 1917 மே 13 அன்று மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பப்படுகிற இடம். போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் கதை இல்லாத வேளாங்கண்ணி ஏது, அதனால் அக்கா கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஃபாத்திமா லிஸ்பனுக்கு வடக்கே சுமார் 125 கிலோமீட்டர். "லிஸ்பன் போறீங்கள்ல தம்பி, அப்படியே…" என்றார். 'அப்படியே' என்ற சொல்லுக்கு நிகண்டில் என்ன பொருள் போட்டிருந்தாலும் சரி, நம்மவர் அகராதியில் அதற்குப் பொருள் 250 கிலோமீட்டர், போய்வர.

இதில் எரிச்சலான சங்கதி ஒன்று உண்டு. நிஜமாகவே போற வழியில் இருக்கிற எதையும் யாரும் கேட்பதில்லை. மாட்ரிடிலிருந்து படாஹோஸுக்குப் போகும் ஏ-5 நெடுஞ்சாலையை ஒட்டியே துருஹியோ இருக்கிறது, பெருவைப் பிடித்த பிஸாரோ பிறந்த ஊர். இன்னும் கொஞ்சம் தள்ளி மெரிடா. கிறிஸ்து பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்பே கட்டிய ரோமானிய நாடக அரங்கு. இன்றும் கோடையில் அங்கே நாடகம் போடுகிறார்கள். சாலையை விட்டு இறங்கினால் சில நிமிடம். கேட்க ஆளில்லை. சாலையோரக் குன்றுகளில் கறுப்பாக ஒரு காளை நிற்கும், தகரத்தில் வெட்டியது, சுமார் 14 மீட்டர் உயரம். 1950-களில் ஒரு பிராந்திக்கு விளம்பரமாக ஆரம்பித்தது. பிறகு சாலையோர விளம்பரங்களைத் தடை செய்தபோது, 'இது விளம்பரமில்லை, நிலக்காட்சி' என்று 1997-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிக் காப்பாற்றிய காளை. ஒரு மாநிலம் கூடி அலங்காநல்லூருக்காகக் கடற்கரையில் உட்கார்ந்ததற்குச் சளைத்த கதையா இது? வீட்டில் சொன்னார். "போற வழியில தெரியும்ல, பாத்துக்கலாம்" என்றாள் மனைவி. அவள் வாயில் அந்தச் சொற்கள் சரியான பொருளில் வந்தது அன்றைக்குத்தான்.

மச்சினருக்குச் சரித்திரத்திலிருந்து பாடம் சொல்லலாம் என்று பார்த்தால் சரித்திரமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இந்தியாவுக்கு இதுதான் குறுக்கு வழி என்று 1492-ல் ஸ்பெயினிலிருந்து மேற்கே கிளம்பிய கொலம்பஸ் எங்கே போய் முட்டினார் என்பது ஊரறிந்தது. அவரையாவது மன்னிக்கலாம், வழி தெரியாது. வாஸ்கோ ட காமா வழியைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டுத் திரும்பிய பிறகு, அதே வழியில் கோழிக்கோட்டுக்கு லிஸ்பனிலிருந்து கிளம்பினார் கப்ரால். 1500 ஏப்ரலில் பிரேசிலில் இறங்கினார். லிஸ்பனிலிருந்து கோழிக்கோட்டுக்குப் போற வழியில் பிரேசில்! நம்மவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மச்சினர் காதுக்கு எட்டினால் தெரு முனையில் சிலை வைத்துவிடுவார்.

நம்மவர் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. எல்லை தாண்டினால் வரும் அலென்தேஷு பகுதியில் தக்கை மரங்கள் நிற்கும். பட்டையை உரித்து பாட்டில் தக்கை செய்வார்கள். ஒருமுறை உரித்தால் அடுத்து உரிக்க ஒன்பது வருஷம் ஆக வேண்டும் என்பதால், உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவைப்பார்கள். இதைப் படித்ததிலிருந்து அந்த எண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு தவிப்பு. திட்டத்தில் முக்கால் மணி நேரம் ஒதுக்கி, 'ஓய்வு' என்று பெயரிட்டு ஒளித்துவைத்திருந்தார். மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"மரத்துல நம்பர் பாக்கவா அம்புட்டு தூரம்? நம்ம மேலூர் ரோட்டுப் புளியமரத்துல இல்லாத நம்பரா?"

போகட்டும். எத்தனை நாள் என்ற விஷயத்துக்கு வருவோம். ஷெங்கன் விசாவில் ஒரு விதி: எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். இரண்டிலும் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கிற நாட்டிடம். பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ. ஸ்பெயினில் ஆறு, போர்ச்சுக்கலில் ஆறு, முதலில் இறங்குவது பார்சிலோனா, ஆகவே ஸ்பெயின் என்று நம்மவர் நிம்மதியாக இருந்தார். எதிர்வீட்டு அக்காவின் மெழுகுவத்திக்காக ஃபாத்திமாவில் ஓர் இரவு கூடியதும் விசா போர்ச்சுக்கலுக்குப் போய்விட்டது. கிரனடாவுக்கு இரண்டு இரவு சேர்த்ததும் ஸ்பெயினுக்கே திரும்பியது. கடைசியில், படாஹோஸில் படுப்பதா, எல்லைக்கு அந்தப் பக்கம் எல்வாஸில் படுப்பதா என்பதில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டரும் காயா என்ற சிற்றாறும். மாமியார் அந்த ஆற்றுக்கு எந்தக் கரையில் தலையணை போடுகிறார் என்பதைப் பொறுத்து ஒரு நாட்டின் தூதரகம் முடிவாகும். "எங்க காத்தோட்டமா இருக்கோ அங்க போடுங்க மாப்ள" என்கிறார் அவர்.

இந்த எல்லையில் இன்னொரு வில்லங்கம். போர்ச்சுக்கல் கடிகாரம் ஸ்பெயினுக்கு ஒரு மணி நேரம் பின்னால். பூகோளப்படி பார்த்தால் ஸ்பெயினும் லண்டன் நேரத்தில்தான் இருக்க வேண்டும். 1940-ல் ஃபிராங்கோ ஆட்சி கடிகாரத்தைப் பெர்லினோடு சேர்த்து முன்னால் தள்ளியது, பிறகு யாரும் திருப்பி வைக்கவில்லை. அதனால் அந்தப் பருவத்தில் படாஹோஸில் சூரியன் அடங்க இரவு பத்து மணி ஆகப்போகும். எல்வாஸில் அதே சூரியன் ஒன்பது மணிக்குள் அடங்கிவிடும். எந்த மணிக்கு விளக்கேற்றுவது என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மச்சினர் கேட்டது வேறு. "அத்தான், பார்டர் தாண்டினா ஒரு மணி நேரம் சும்மா கிடைக்குதுல்ல? அதுல எவோராவைச் சேர்த்துருங்க. மனுஷ எலும்பாலயே ஒரு சர்ச் இருக்காம்."

சும்மா கிடைக்கிற ஒரு மணி நேரம்! நாள் முழுக்க இடதுபுற ஸ்டீயரிங்கைப் பிடித்து, வலது கையால் கியர் போட்டு, இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரை ஓடவிட்டு, ஆறு பேரின் பசியையும் நாலு பேரின் மூத்திரத்தையும் சுமந்துகொண்டு ஓட்டி வருகிற மனுஷனுக்கு யார் சும்மா கொடுத்த மணி அது? ஓட்டப்போவது நம்மவர் ஒருத்தர். போற வழி என்று சொல்கிற எவரும் ஓட்டப்போவதில்லை. அதிலும் மச்சினர் இந்தப் பயணத்துக்கு வரவே இல்லை. லீவு இல்லையாம்.

சாப்பாட்டு அலமாரியைத் திறந்தால் அது தனி வழக்கு. (அலமாரி போர்ச்சுக்கீசியச் சொல்தான். சாவியும் ஜன்னலும் மேசையும்கூட. லிஸ்பனில் பேச்சுக்குக் கஷ்டமே இருக்காது என்று மகன் நம்புகிறான்.) ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து போகிறவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. காய், பழம், இலை தழைக்கெல்லாம் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, டூரியான், தேங்காய் ஐந்துக்கு மட்டும். அதாவது தேங்காய் போகலாம், தாளிக்கிற கறிவேப்பிலை போகக் கூடாது. நெய் அவுட். பால்கோவா அவுட். மாமியார் சுத்த சைவம்; அங்கே பச்சைப் பட்டாணி கேட்டால்கூட ஹமோன் என்ற பன்றித்தொடைத் துண்டு தூவி வரும் என்று தெரிந்ததிலிருந்து அவர் முழு நம்பிக்கையையும் மோர்மிளகாய் மேல் வைத்திருக்கிறார். மோர்மிளகாய் பால் பொருளா, மிளகாய்ப் பொருளா? மூன்று நாளாக வீட்டில் இதுதான் விவாதம். மோர் காய்ந்துவிட்டது என்பது மாமியார் கட்சி. காய்ந்தாலும் மோர் மோர்தான் என்பது மகன். சுங்க அதிகாரி வாயில் ஒன்றைப் போட்டுவிட்டால் அவரே முடிவு செய்துகொள்வார் என்பது அம்மா.

நடுவில் மகளின் போராட்டம். ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் 135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். அவளுக்கு ஒன்பது வயது, 133. பாப்பா சீட்டில் உட்கார மாட்டேன் என்று தினமும் காலையில் சமையலறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, தலைமேல் அடிக்குச்சியை வைத்துப் பென்சிலால் கோடு போடுகிறாள். குதிகால் தரையில் இருப்பதில்லை. இதுவரை பதினேழு கோடு. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்து கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது.

கார் ஏழு இருக்கை. படத்தில் பார்த்தபோது கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடமில்லை. பெட்டி வைத்தால் மூன்றாவது வரிசை இல்லை. ஆறு பேர், ஆறு பெட்டி, ஒரு குக்கர், தேங்காய்கள். குக்கரை மடியில் வைத்துக்கொள்வதாக அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இனி சுங்கம். ஸ்பெயினில் பார்சிலோனாவிலிருந்து சரகோசா போகும் ஏபி-2 சாலையில் 2021-லேயே கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். மாட்ரிடிலிருந்து படாஹோஸ் வரை ஏ-5 இலவசம். எல்லை தாண்டினால்தான் கணக்கு ஆரம்பம். போர்ச்சுக்கலில் சில சாலைகளில் பணம் வாங்க ஆளே கிடையாது, மேலேயிருந்து கேமரா மட்டும் பார்க்கும். அவற்றில் பலவற்றுக்கு 2025 ஜனவரி 1 முதல் கட்டணமே கிடையாது. எல்வாஸிலிருந்து லிஸ்பன் பக்கம் வரும் ஏ-6 அந்த ரகமில்லை, சாவடியில் சீட்டு எடுத்து, இறங்கும்போது பணம் கட்ட வேண்டும். அது மொத்தம் எவ்வளவு ஆகும் என்று நம்மவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தபோது போன் மினுக்கியது. மறுபடி மச்சினர். இந்த முறை ஆறு விநாடிதான்.

"அத்தான், லீவு கிடைச்சிருச்சு. ஏழாவது சீட் காலிதானே?"