எதுக்கும் இன்னொருத்தர்கிட்ட ஒரு வார்த்தை

அவர் மறுக்கவே மாட்டார். அவரிடம் இருக்கும் பெரிய தொல்லையே அதுதான். “கூரை ஒழுகுது சார்” என்று போய் நின்றால், மற்ற வீட்டுக்காரர்களைப் போல “உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லலையே” என்று நம்மைச் சந்தேகமாகப் பார்க்க மாட்டார். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வருவார். அண்ணாந்து பார்ப்பார். ஈரம் பூத்த இடத்தைக் குடைக் காம்பால் தட்டுவார். கண்ணில் விழுந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே, “இது ஒட்டுப் போட்டா நிக்காது சார், மொத்தமா மாத்திடணும்” என்பார். நமக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும். அடுத்த மூச்சில் வரும் அந்த வாக்கியம்: “எதுக்கும் இன்னொருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்.”

குறிப்பிட்டு யாரையும் சொல்லவில்லை. தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் வரை தெருவுக்கு ஒருவர் இருப்பார். முன்பக்கம் காங்கிரீட் வீடு கட்டிக்கொண்டு அதில் இவர் இருப்பார். பின்பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பார். இடையில் ஒரு வேப்ப மரம் நிற்கும். மரத்தடியில் ஒரு சைக்கிள், காற்று இல்லாமல். மற்றபடி பொதுவாகத்தான் சொல்கிறேன்.

முதல் வார்த்தை மேஸ்திரியிடம். மேஸ்திரி மாடியேறி, தட்டோட்டைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஓட்டைப் பேத்துட்டு, கீழ இருக்கிற செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு எல்லாத்தையும் வழிச்சு, வாட்டம் பார்த்துப் புதுசா போட்டுடலாம் சார். கட்டை நல்லாத்தான் இருக்கு. கைப்பிடிச் சுவர்ல முளைச்சிருக்கிற அரசங்கன்னை மொதல்ல புடுங்குங்க, தண்ணி போற குழாயை அடைச்சுக்கிட்டு நிக்குது.” பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நாம் நினைப்போம். அவரோ, மேஸ்திரி சொன்னது சரியா என்று என்ஜினியரைக் கேட்கப் போவார். கட்டையின் நுனி சுவருக்குள் எந்த நிலையில் இருக்கிறது என்று யார் கண்டது, இடித்துவிட்டுக் காங்கிரீட் போடுங்கள் என்பார் என்ஜினியர். என்ஜினியர் சொன்னதைச் சென்ட்ரிங்காரரிடம் கேட்பார். ஐந்து அங்குலத் தளம் என்றால் நூறு சதுர அடிக்கு மூன்று டன் எடை வருமே, இந்தச் சுண்ணாம்புச் சுவர் தாங்குமா, தூண் எழுப்ப வேண்டாமா என்று சென்ட்ரிங்காரர் தலையைச் சொறிவார்.

தூண் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் முகம் வெளுத்துவிடும். எடையே இல்லாததாகப் பார்க்கலாமே என்று ஷீட்காரரிடம் போவார். அரை மில்லிமீட்டர் கனம், இரும்புக் குழாயில் சட்டம் அடித்துத் திருகிவிட்டால் இரண்டே நாளில் வேலை முடிந்தது என்று அவர் ஒரு நீல ஷீட் துண்டைக் கையில் கொடுத்து அனுப்புவார். அந்த நீலத் துண்டைப் பெயின்ட் கடைக்காரரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பார். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது யார் யார் வீட்டு ஷீட் யார் யார் வீட்டில் போய் விழுந்தது என்று அவர் விலாவாரியாகச் சொல்லி, வாட்டர் ப்ரூஃப் இரண்டு கோட்டு அடித்தால் போதும் என்பார். பெயின்ட் எத்தனை வருஷம் தாங்கும் என்று தார் ஷீட் ஒட்டுகிறவரிடம் கேட்பார். தார் ஷீட்டைப் பற்றி? மறுபடியும் மேஸ்திரியிடம். “சுண்ணாம்புத் தளத்து மேல அதை ஒட்டினா உள்ள இருக்கிற ஈரம் எங்க சார் போகும்? கட்டையிலதான் எறங்கும்” என்பார் மேஸ்திரி. ஒரு சுற்று முடிந்தது. இதற்குள் ஒரு மழைக்காலமும் முடிந்திருக்கும்.

அவரவர் கடையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவரவர் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான், கடையே இல்லாதவர்களிடம் கேட்க ஆரம்பித்தார். பம்மலில் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டிருக்கிறார். டோக்கன் வாங்கியவர்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்க, டாக்டர் தன் வீட்டு மாடியில் வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டிய கதையையும் அதற்குப் பிறகு ஏ.சி. செலவு குறைந்த கதையையும் சொன்னாராம். “சர்க்கரை எவ்வளவு சார் இருந்தது?” என்று கேட்டேன். “அதைக் கேக்க மறந்துட்டேன் சார்” என்றார்.

சிலிண்டர் போட வந்தவரிடம் கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் கேட்டார். பேச்சு முடியாததால் அவரோடு பல்லாவரத்தில் இறங்கி, வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மரச்சாமான் விற்கும் ஒருவரிடமும் கேட்டார். “தேக்குக் கட்டையா? இடிக்கிறப்போ எனக்கு ஒரு போன் அடிங்க” என்றாராம் அவர். இத்தனை பேரில் மனசில் இருந்ததை நேராகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மங்களூர் ஓடு பற்றி யாரோ சொன்ன வாரத்தில், 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வரலாற்றை என் வீட்டுக் கூடத்தில் நின்றபடி எனக்குச் சொன்னார். மீனம்பாக்கத்து விமானம் தலைக்கு மேல் போகும்போது நிறுத்தி, போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தார். வாளி நிரம்பியது. காலால் அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்த ஓட்டுக்குச் சரிவு வேண்டும் என்பதால் நமக்குச் சரிப்படாது என்று முடித்தார்.

அவருடைய மைத்துனர் ஆஸ்பெஸ்டாஸ் மலிவு என்று ஓதியபோது மட்டும் நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்த சரக்கு அது, தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்றேன். “அப்படியா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்” என்றார்.

கேட்டதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார். சாம்பிள்களும் உண்டு. திண்ணை முழுக்க ஓட்டுத் துண்டு, ஷீட் துண்டு, தார் ஷீட் சுருள், மூடி திறக்காத பெயின்ட் டப்பா. அவையெல்லாம் நனையக் கூடாதென்று மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். அந்தத் தார்ப்பாயை என் மாடிக்குக் கேட்டேன். யோசிக்கிறேன் என்றார்.

எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லித் தொலைத்த அபூர்வமான நாளில் பஞ்சாங்கம் கைகொடுக்கும். சித்திரை வெயிலில் காங்கிரீட் வெடிக்கும். ஆடியில் ஆரம்பிக்கக் கூடாது. ஐப்பசியில் மழை. மார்கழி ஆகாது. தையில் எல்லோரும் வேலை ஆரம்பிப்பதால் ஆள் கிடைக்காது.

ஒருநாள் மட்டும் டைரி இல்லாமல் வந்தார். அவருடைய தாத்தா தறி போட்டிருந்தவர். அனகாபுத்தூரில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியாவுக்குக் கப்பலேறிய காலத்தில் கட்டிய வீடு இது. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்களாம். அடிக்க அடிக்கத் தளம் இறுகும். வெல்லத்தைத் திருடித் தின்றதற்குத் தாத்தாவிடம் வாங்கிய அறையை, கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “பாவு மேல ஒரு சொட்டு விழுந்தா துணி போச்சு சார். தாத்தா இருந்தவரைக்கும் இந்தத் தளம் ஒழுகினதே இல்லை.” அன்றைக்கு அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இடிக்கச் சொல்லும் எல்லோரிடமும் அவர் ஏன் மேலும் ஒரு கேள்வி கேட்கிறார் என்பது கொஞ்சம் புரிந்தது.

ஆனால் தாத்தா ஒருத்தரையும் கேட்கவில்லை. ஒழுகுவதற்கு முன்பே மாடியேறி ஓட்டின் இடுக்கைப் பூசியிருப்பார். பேரன் படுப்பது காங்கிரீட்டுக்குக் கீழே. மழையைப் பற்றிய அவருடைய அறிவு முழுக்கக் கேள்வி ஞானம். 2015 டிசம்பரில் அடையாறு வாசல் வழியாக வந்தது. அதற்கு நான் அவரைக் குறை சொன்னதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மேலிருந்து வந்தது. மகளின் பத்தாம் வகுப்பு நோட்டுகளை அடுக்களை மேடையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தோம். மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, சுவிட்சைத் தொடப் பயமாக இருக்கிறது. இதையும் டைரியில் எழுதிக்கொண்டார். இவ்வளவு கேட்கிற மனிதர், வருஷா வருஷம் வாடகையை ஏற்றும்போது மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், மேஸ்திரி முதல் நாள் சொன்னதுதான் சரி. அரசங்கன்றைப் பிடுங்கி, தண்ணீர் போகிற குழாயைத் திறந்து, தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் பார்த்துச் சுண்ணாம்பில் புதிதாகப் போட்டால் தாத்தாவின் கட்டையும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம். சொல்லிப் பார்த்தேன். நான் குடியிருக்கிறவன் என்பதால் என் வார்த்தையில் சுயநலம் இருக்கலாமாம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் பக்கம் டைரியும் மஞ்சள் பையுமாக ஒரு பெரியவர் உங்களை நிறுத்தி, “மாடி விஷயமா ஒரு வார்த்தை” என்று ஆரம்பித்தால், மேஸ்திரி சொன்னபடியே செய்யச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு மாடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டும், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அவரிடம் வாய் திறந்துவிடாதீர்கள்.