எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு கையில் குறடும் மறு கையில் நூல் நுனியும், பல்லிடுக்கில் ஒரு சிறு ஸ்பிரிங்குமாக, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு என் பழைய மர்ஃபி வானொலிப் பெட்டியின் முன் நான் குந்தியிருந்த தருணத்தில், வேலந்தாவளத்துக் கல்யாணத்துக்கு வந்தவர் அப்படியே எருத்தேன்பதிக்கும் ஒரு நடை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற சத்சங்கல்பத்தோடு படியேறிய என் மனைவியின் தமையனார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பாகவே, "ஏனுங் மாப்ளே, எங்கூட்லயும் இதேமாரி ஒண்ணு இருந்துச்சுங்" என்றார். வாங்க என்று சொல்வதற்காக என் வாய் திறந்தது. ஸ்பிரிங் எங்கே போய் விழுந்தது என்பது இந்த நிமிஷம்வரை பரம ரகசியம்.

டயல் நூல் கட்டியவர்களுக்கு என் துக்கம் புரியும். பெரிய சக்கரத்தில் ஒன்றரைச் சுற்று, அங்கிருந்து நான்கு கப்பிகள், குமிழின் தண்டில் இரண்டரைச் சுற்று, மறுபடியும் சக்கரத்துக்குள் நுழைந்து ஸ்பிரிங்கின் கொக்கியில் முடிச்சு. இத்தனையும் ஒரே மூச்சில், நூல் தளராமல் நடந்தாக வேண்டும். தையல் நூல் நாளாவட்டத்தில் நீண்டு தொய்கிறது. பூக்கட்டும் நூல் அறுகிறது. தூண்டில் நரம்போ தண்டின்மேல் வழுக்குகிறது; குமிழ் சுற்றுகிறது, முள் சமாதி நிலையில் இருக்கிறது. கடைசியில், அதே தூண்டில் கடையில் கிடைக்கும் பின்னல் நூல்தான் சரி என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த உற்சாகத்தில் திசைமாற்றிச் சுற்றிவிட்டபடியால், திருச்சியை நோக்கித் திருப்பினால் முள் சிலோன் பக்கம் போயிற்று. அவிழ்த்து மறுபடி சுற்றி முடிக்கும் கட்டத்தில்தான் மேற்படி விஜயம்.

நான் சொல்ல வந்தது உண்மையில் நூலைப் பற்றியல்ல. இஎல் 84 என்ற வால்வுக்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு காகிதக் கண்டன்ஸரைப் பற்றி. அது எனக்குக் கற்பித்த பாடத்தைப் புதிதாக இந்த வித்தையில் இறங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அதற்கு முன் மைத்துனரின் வாக்கியத்தைக் கொஞ்சம் விசாரித்துவிடலாம்.

அந்த வாக்கியத்தைச் சென்ற ஆறு மாதங்களில் முப்பத்தொரு பேர் வாயால் கேட்டிருக்கிறேன்; நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்கு இருக்கிறது. அதற்கென்று ஒரு கிரமம் உண்டு. முதலில் அவர்கள் வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. அடுத்தபடி, அது என் பெட்டியைவிடப் பெரியது. என்னுடையதைவிடச் சிறிய பெட்டி எவர் வீட்டிலாவது இருந்ததாகச் சரித்திரமே இல்லை. பிறகு சிலோன் வானொலி வரும், அதன் அறிவிப்பாளர் மயில்வாகனன் வருவார், "பொங்கும் பூம்புனல்" நிகழ்ச்சி வரும், கண்ணோரத்தில் சற்று ஈரமும் வரும். அப்புறம் அந்தப் பெட்டி என்னவாயிற்று என்று நான் கேட்பதில்லை. கேளாமலே பதில் வந்துவிடுகிறது: "எடைக்குப் போட்டுட்டமுங்க."

எடைக்குப் போட்டதற்குப் பலருக்குக் கிடைத்தது காசுகூட அல்ல, பேரீச்சம்பழம். நான் இரவில் தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது இந்தப் பண்டமாற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. மரப்பெட்டி தராசில் ஏறாது. அது கோழி அடைக்கப் போயிருக்கும், யோகமிருந்தால் சுவாமி மாடமாகியிருக்கும். இரும்புச் சட்டத்துக்கு இரண்டு கைப்பிடிப் பழம். டிரான்ஸ்பார்மருக்குள் செம்புக் கம்பி இருப்பதைப் பழக்காரர் அறிவார், வீட்டுக்காரர் அறியார். ஆகவே அதற்கும் இரும்பு விலையில் ஒரு கைப்பிடி. அலைவரிசையைப் பிடித்துத் தரும் கேங் கண்டன்ஸர், அலுமினியத் தகடுகள் ஒன்றோடொன்று தொடாமல் விசிறிபோல் விரிந்து மடங்கும் அந்த அற்புதம், நாலே பழம். ஸ்பீக்கர் காந்தத்தைப் பையன்கள் மணலில் இரும்புத் தூள் பொறுக்க முன்னமே கழற்றிக்கொண்டார்கள். ஆகையால் இரண்டு பழம் குறைவு. வால்வுகளுக்கு ஒன்றுமில்லை. வெறும் கண்ணாடி என்று பழக்காரர் அவற்றை வேலியோரத்தில் வீசி உடைத்திருப்பார். இசிஹெச் 81, இஎஃப் 89, இபிசி 81, இஎல் 84, இஇசட் 80: பெயரின் முதலில் நிற்கும் அந்த "இ", உள்ளே இருக்கும் இழைக்கு 6.3 வோல்ட் போதும் என்பதற்கு அடையாளம் என்று நான் மூன்று வாரம் படித்துத் தெரிந்துகொண்டேன். அவற்றுள் ஒரே ஒரு இசிஹெச் 81க்காக நான் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் படியேறி இறங்கிக்கொண்டிருக்கையில், கிழக்கே பொள்ளாச்சி முதல் மேற்கே சித்தூர் வரை அத்தனை பேர் முற்றத்திலும் அது நொறுங்கிக் கிடந்திருக்கிறது. அவர்கள் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பிவிட்டார்கள். இப்போது என் திண்ணைக்கு வந்து ஏங்குகிறார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பெட்டிகளுக்கு வருஷந்தோறும் தபாலாபீசில் லைசன்ஸ் கட்டணம் செலுத்தி, புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி, சான்றாகப் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் இவர்களுடைய தகப்பனார்கள். எண்பதுகளின் நடுவில் அந்த லைசன்ஸ் ஒழிந்தது. கட்டணம் கட்ட வேண்டாம் என்றானவுடன் பெட்டியின் மேலிருந்த மரியாதையும் ஒழிந்தது போலும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அந்தப் பேரீச்சம்பழத்தை நானும் தின்றிருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதைப் போகிற வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

கண்டன்ஸர் விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் மின்சார விஷயம் ஒன்று இருக்கிறது. பல வருஷம் தூங்கிய பெட்டிக்கு நேரே மின்சாரம் கொடுப்பது தற்கொலைக்குச் சமானம். உள்ளே 250 வோல்ட்டுக்குக் குறையாமல் ஓடும். ஆகவே நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துத்தான் முதலில் உயிர் கொடுக்க வேண்டும். உள்ளே கோளாறென்றால் பல்பு பிரகாசமாக எரிந்து, பெட்டிக்கு வரவேண்டிய விபத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். எல்இடி பல்பிடம் இந்தத் தியாகத்தை எதிர்பார்க்க முடியாது. நானோ கேரளத்தில் வசிக்கிறேன். 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அந்த நவம்பர் முதல் குண்டு பல்பு விற்பனையே கூடாது என்று அறிவித்த ராஜ்யம் இது. எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டதற்கு, மண்ணெண்ணெய் விளக்குத் திரி கேட்டவனைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இல்லாத காரணத்தால், எல்லைக்கு அப்பாலிருந்து எங்கள் தென்னந்தோப்புகளை நாடித் தாகசாந்திக்கு வருகிறவர்களின் வண்டி வரிசைக்கு நேர் எதிர்த்திசையில், குண்டு பல்பு வாங்கிவர நான் ஒருவன் மொபெட்டில் போனேன். திரும்பும்போது மடியில் பல்பை வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்கையில் என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம், கள்ளக்கடத்தல்காரர்களுக்கே உரித்தானது. அவர்கள் என்னை நிறுத்தக்கூட இல்லை. அது சற்று அவமானமாகவும் இருந்தது.

அப்படியும் பெட்டி பாடினபாடில்லை. வால்வுகள் அரை நிமிஷத்தில் செம்மஞ்சளாகக் கனன்றன. மீடியம் வேவ் முழுவதும், தார்ச்சாலையில் லாரி போவதுபோல் ஒரே இரைச்சல். வீட்டிலுள்ள ஒவ்வொரு எல்இடி விளக்கையும் செல்போன் சார்ஜரையும் அணைத்த பிறகுதான் இரைச்சல் அடங்கியது. மனைவி இருட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, "ஏனுங்க, இதுல பாட்டு வந்தா நான் செல்லுல கேக்கறதைவிட நல்லா இருக்குமுங்களா?" என்று வினயமாகக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு உத்தரம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லாதபடியால் டார்ச்சைத் தேடப் போய்விட்டேன்.

ஸ்பிரிங்கை நாலு நாள் தேடினேன். காந்தத்தை நூலில் கட்டித் திண்ணை முழுதும் இழுத்தேன். இரண்டு குண்டூசியும் ஒரு கொண்டை ஊசியும் கிடைத்தன. செருப்போடு நின்ற மைத்துனரின் அடியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்து, நேற்று அவருக்குத் தொலைபேசி செய்து செருப்பைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணுமில்லீங் மாப்ளே" என்றார். பிறகு, சற்று யோசித்து, "எங்க செட்டுல இருந்த ஸ்பிரிங்கு இதைவிடப் பெருசுங்" என்றார்.