கொத்தனாரை மாற்றாதீர்கள்!

கேள்வி: 2024-25 பிரீமியர் லீக் கால்பந்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 15-வது இடம். கேட்டால், 'அணியைப் புதிதாகக் கட்டுகிறோம்' என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தாராளமாகக் கட்டட்டும். ஆனால், அஸ்திவாரம் காய்வதற்குள் கொத்தனாரை மாற்றினால் வீடு எப்படி எழும்பும்? 2013-ல் பயிற்சியாளர் ஃபெர்குசன் ஓய்வுபெற்ற பிறகு மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷியர், டென் ஹாக், அமோரிம் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. ஆளுக்கொரு பாணி. ஒருவர் கோடிகளைக் கொட்டி வாங்கிய ஆட்டக்காரர், அடுத்தவருக்கு ஆகாதவர்!

ஆர்சனலைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் லீகின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. வாங்கிய கோல் ஒன்பது, போட்டது ஒன்றுகூட இல்லை. பட்டியலில் கடைசி இடம். ரசிகர்கள் கொதித்தார்கள், நிர்வாகம் பயிற்சியாளர் ஆர்டெட்டாவை அசைக்கவில்லை. அந்தக் கோடையில் வாங்கிய ஆறு பேரில் ஒருவரும் 23 வயதைத் தாண்டவில்லை. அவர்களில் ஓடகார்டுக்கு 22. சொந்த அகாடமியில் வளர்ந்த சாகாவுக்கு அப்போது 19தான். அந்த சீசன் ஐந்தாம் இடம், அடுத்த சீசன் இரண்டாம் இடம்!

யுனைடெட்டின் அகாடமியிலும் மைனூ மாதிரிப் பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது, மூன்று வருடம் யாரையும் விரட்டாமல் இருந்தால்.