மூன்று லட்சத்துக்குள் முடித்தவர்

கிரகப்பிரவேச வீட்டில் எல்லோரும் ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒருவர் மட்டும் சமையலறைக்குள் நின்று டிராயர்களை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருப்பார். கடைசி இரண்டு அங்குலம் அது தானாக மெல்லப் போய் உட்காருகிறதா என்று பார்ப்பார். பிறகு குனிந்து, கதவின் உள்பக்கத்தில் ஏதாவது முத்திரை இருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் தேடுவார். மொய்க் கவரைக் கொடுக்கும்போதும் வாயிலிருந்து வாழ்த்து வராது. “ரன்னிங் ஃபுட் ரேட்டா, ஸ்கொயர் ஃபுட் ரேட்டா?” என்றுதான் வரும்.

சமையலறையைப் புதுப்பிக்க பட்ஜெட் போட்டுக்கொண்டிருப்பவர் இவர். மடிப்பாக்கம், நங்கநல்லூர், முகப்பேர் என்று இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிய அடுக்ககங்களில் பிளாக்குக்கு ஒருவர் தேறுவார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். வங்கி, இன்ஷூரன்ஸ், மின்வாரியம் என்று எங்கேயோ ஓரிடத்தில் மற்றவர்களின் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். வெளிநாட்டிலிருந்து பிள்ளை, “அம்மாவுக்குக் கிச்சனை மாத்திக் குடுங்கப்பா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே வேலை ஆரம்பித்துவிடும். சமையலறையில் இல்லை, நோட்டுப் புத்தகத்தில்.

எங்கள் பிளாக்கில் இருப்பவர் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘சமையலறை - ரூ.3,00,000’, அதன் கீழே இரட்டைக் கோடு. இந்த மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. தொகைதான் முதலில் வந்தது. சாமான்களெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து அதற்குள் ஒடுங்கி உட்கார வேண்டியவை. கடைசி வரியில் ‘எதிர்பாராத செலவு - 30,000’ என்றும் எழுதியிருந்தார். எதிர்பாராதது எவ்வளவு ஆகும் என்பதையும் எதிர்பார்த்துவிட்ட திருப்தி அவருக்கு.

அடுத்த கட்டம் ஞானம் தேடல். பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு, ஆக 32 சதுர அடி என்பதில் தொடங்கி, வெளியே ஒட்டும் லேமினேட் 1 எம்.எம்., உள்ளே 0.8 எம்.எம். என்பது வரை கரைத்துக் குடித்துவிட்டார். ஐ.எஸ். 303 என்றால் சாதாரணம், ஐ.எஸ். 710 என்றால் மரைன் பிளை என்று காலை நடைப்பயிற்சியில் மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தார். கப்பல் கட்டுவதற்கான தரம் மூன்றாவது மாடிச் சமையலறைக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, “2015 மறந்துபோச்சா?” என்றார். வெள்ளம் மூன்றாவது மாடிக்கு வரவில்லையே என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

கடைக்காரர் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், மரைன் பிளையை 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டாலும் ஒட்டு விடாது, சோதனையே அப்படித்தான் நடத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் எதையும் நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சாம்பிள் துண்டு ஒன்றை வாங்கி வந்து இட்லிப் பானையில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். ஒன்றரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த மனைவி உள்ளே வந்து மூடியைத் திறந்தார். “ஏங்க, இது வெந்துடுச்சான்னு எப்படிப் பாக்குறது? இதுக்குப் புளி கரைச்சு ஊத்தணுமா?” என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். மீதி எழுபதரை மணி நேரம் தரக் கட்டுப்பாடு நடைபெறவில்லை. செலவான கேஸுக்கு மட்டும் நோட்டில் ‘பரிசோதனை - 20’ என்று ஒரு பதிவு இருக்கிறது.

அப்புறம் கொட்டேஷன் படலம். மூன்று இடத்தில் வாங்கினால்தான் ஒப்பிட முடியும் என்பது அவர் வங்கியில் கற்ற பாடம். மூன்றும் வந்தன. ஷோரூம்காரர் ரன்னிங் ஃபுட்டில் போட்டிருந்தார். மேல் அலமாரி, கீழ் அலமாரி இரண்டும் சேர்த்தா என்பது எங்கேயும் இல்லை. கான்ட்ராக்டர் சதுர அடியில் போட்டிருந்தார். கதவை மட்டும் அளந்தாரா, உள்ளே இருக்கும் பெட்டியையும் சேர்த்து அளந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். மூன்றாமவர் ஆசாரி. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ‘மொத்தம் 2 லச்சம், சாமான் உங்களுது’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றில் நேர்மையானது அதுதான் என்பது என் அபிப்பிராயம். நம்மவருக்கு அதில் வவுச்சர் நம்பர் இல்லாதது உறுத்தியது.

கிரானைட்காரர் தனி ஜாதகம். ஒங்கோல் பக்கத்துப் பிளாக் கேலக்ஸி சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலைதான் சொல்வார். அதற்கப்புறம் வேஸ்டேஜ் தனி, ஓரத்தை உருட்டும் மோல்டிங் தனி, சிங்க்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை போடுவது தனி. கல்லுக்குக் காசு வாங்குவது நியாயம், இல்லாத கல்லுக்கும் எப்படி வாங்கலாம் என்று நம்மவர் ஓட்டைக் கணக்கில் ஒரு மணி நேரம் வாதாடினார். பில் போட்டால் பதினெட்டு பர்சென்ட் சேரும் என்றதும் வாதம் நின்றது. பில் இல்லாத செலவு ஒன்றையும் தன் காலத்தில் அனுமதிக்காதவர், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மௌனமாக இருந்தார். கடைசியில் பிளைக்கும் கல்லுக்கும் பில், கூலிக்குத் துண்டுச் சீட்டு என்று மனசாட்சியோடு சமரசம் ஏற்பட்டது.

இந்த மனிதர்களின் சிக்கனத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கீலுக்குக் கீல் இருபது ரூபாய் வித்தியாசத்துக்காகப் பாரிமுனை வரை பஸ்ஸில் போய் வருவார்கள். துண்டு மாட்டும் கம்பிக்கு 350 ரூபாயா என்று கொதித்து, ஆணி அடித்தால் போதாதா என்பார்கள். அதே மனிதரிடம் கான்ட்ராக்டர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, “சார், எப்படியும் இடிக்கிறோம், பைப் எல்லாம் பழைய ஜி.ஐ. கையோட கையா பாத்ரூம் லைனையும் மாத்திடலாமே?” என்று கேட்கட்டும். ‘கையோட கையா’ காதில் விழுந்ததும் நம்மவர் தலை தானாக ஆடும். அந்த ஒரு தலையாட்டலில் அறுபதாயிரம் போகும். மறுநாள் காலை ஆணி அடிப்பதற்கு வாசலில் நின்று பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

இப்படி அளந்து அடக்கிக் கட்டும் சமையலறைக்கு மூலம் எது என்று பார்த்தால் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட். 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. ரயில் டைனிங் காரின் சமையல் கூண்டைப் பார்த்து, ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே எத்தனை எட்டு வைக்கிறாள் என்று கணக்கெடுத்து, சுமார் 6 அடி அகலம் 11 அடி நீளத்துக்குள் அத்தனையையும் அடக்கிக் காட்டினார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நம்மவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பரம்பரை கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

அவர் வரைந்த பிளானும் குறை சொல்ல முடியாததுதான். அக்னி மூலையில் அடுப்பு, கிழக்கு பார்த்துச் சமையல், மேடை உயரம் 34 அங்குலம், ஆழம் இரண்டடி, மூலையில் இழுத்தால் சுழன்று வெளியே வரும் தட்டு, எண்ணெய் பாட்டிலுக்குத் தனி டிராயர், எதிர் வீட்டுப் புகையையும் இழுத்துவிடும் சக்தியோடு ஒரு சிம்னி. மேடை போட்டுக் கல் பதித்தாயிற்று. ஆசாரி பெட்டிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். அதுவரை பிளானைப் பற்றி வாயே திறக்காத அம்மாள் அப்போதுதான் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்: “கிரைண்டர் எங்க?”

நோட்டைப் புரட்டினார். கிரைண்டர் எந்தப் பக்கத்திலும் இல்லை. வாங்க வேண்டியதை மட்டுமே எழுதியிருந்தார். வீட்டில் ஏற்கெனவே இருப்பதற்கு எப்படிச் செலவு வரும்? ஷோரூமிலிருந்து யோசனை சொல்ல வந்திருந்த இளைஞர் பணிவாக, “மேடம், இன்னும் மாவு வீட்லயேவா அரைக்கிறீங்க? பாக்கெட்ல வருதே” என்றார். அதற்குப் பிறகு அந்த இளைஞரை யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆக, கோயம்புத்தூரிலிருந்து சீராக வந்து இருபத்தெட்டு வருஷம் உழைத்த கிரைண்டருக்கு ஜன்னலோரம் இரண்டடி ஒதுக்கப்பட்டது. அங்கே பிளக் பாயின்ட் இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து சுவரை வெட்டினார். வெட்டியதில் ஒட்டி நாலு நாள்கூட ஆகாத டைல்ஸில் ஆறு உடைந்தது. கடைக்குப் போனால் அதே டைல்ஸ் இருக்கிறது, ஆனால் வேறு பேட்ச். பெட்டியில் நம்பர் வேறு, நிறத்தில் ஒரு பொட்டு மஞ்சள் கூட. கண்ணுக்குத் தெரியாது என்றார் கடைக்காரர். இன்ஸ்பெக்‌ஷன் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சுவர் முழுக்க மாற்ற வேண்டும் என்று ஆயிற்று. ஒரு சுவர் புதிதாக இருந்தால் எதிர்ச் சுவர் அழுக்காகத் தெரியுமே? அதுவும் மாறியது. கையோட கையா சர்வீஸ் பால்கனிக்கும் ஒட்டினார்கள். இட்லி மாவு அரைக்க ஆன மொத்தச் செலவு, ஒரு பிளக் பாயின்ட்டையும் சேர்த்து, நாற்பத்தேழாயிரம்.

வரவுப் பத்தியும் ஏமாற்றியது. பழைய கடப்பா கல் பலகைகள், சிங்க், மர அலமாரி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்கு விலைபோகும் என்று எழுதியிருந்தார். பழைய சாமான்காரர் வந்து சிங்க்கை மட்டும் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். “கல்லு யாருக்கு சார் வேணும்? தூக்கிட்டுப் போக ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு குடுங்க” என்றார். லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்ததால் மூன்று மாடி இறக்குக்கூலி வேறு. அசோசியேஷனுக்குச் செயலாளர் நம்மவர்தான். நோட்டீஸில் கையெழுத்தும் அவருடையது.

இருபது நாள் வேலை என்றார்கள். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று ஆனியில் ஆரம்பித்தது, ஆவணியில்தான் பால் காய்ச்சினார்கள். அதுவரை ஹாலில் சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவே இண்டக்‌ஷன் அடுப்பு. ரசம் மட்டும் வீட்டில், மற்றதெல்லாம் ஓட்டல். இரண்டு வேளை டீயும் வடையும் வேலையாட்களுக்கு என்று கணக்கில் இருந்தது, வீட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு இல்லை.

முடிந்த பிறகு கூட்டிப் பார்த்தால் 5,41,000. வேறு யாராவது என்றால் நோட்டைப் பரணில் போட்டிருப்பார்கள். இவர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் வெளியே வந்தபோது கணக்கு நேராகியிருந்தது. டைல்ஸ் மாற்றியது சமையலறைச் செலவே அல்ல, கட்டடப் பராமரிப்பு. பைப் வேலை பாத்ரூம் கணக்கு. சிம்னி எப்படியும் தீபாவளிக்கு ஏதாவது வாங்குவோம் இல்லையா, அது தீபாவளி. பிரிட்ஜ் மாற்றியது மணிவிழாவுக்கு மனைவிக்குக் கொடுத்த பரிசு. ஓட்டல் சாப்பாடு இந்த வருஷம் போகாத காசி யாத்திரையில் கழிந்தது. மீதி நின்ற தொகை 2,98,650. எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கிய முப்பதாயிரத்தில் கையே வைக்கவில்லை என்பது தனிச் சிறப்பு. மிச்சமிருந்த 1,350 ரூபாயில் துண்டு மாட்டும் கம்பி வாங்கலாமா என்று மனைவி கேட்டதற்கு, பட்ஜெட் முடிந்துவிட்டது என்றார்.

இப்போது சமையலறை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். டிராயரை இழுத்துக் காட்டி, “மூணு லட்சத்துக்குள்ள முடிச்சுட்டேன் சார், பிளான் பண்ணினா முடியும்” என்கிறார். கேட்டவர்களில் இரண்டாவது மாடிக்காரர் அன்று மாலையே ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிவிட்டார். அவர் மனைவிக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் வந்து, “மாமி, நிஜமாவே மூணு லட்சம்தான் ஆச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாம்மா, கிச்சனுக்கு மூணுதான்” என்றார் அம்மாள். “மீதி ரெண்டரை லட்சம் எதுக்குன்னுதான் மாமா இன்னும் எழுதிட்டிருக்கார்.”