இருட்டுக்கு ஓர் அனுமதிக் கடிதம்

எங்கள் பள்ளியில் சுற்றுலா என்றால் வண்டலூர். வண்டலூர் போன வருஷம் போயாகிவிட்டது என்றால் மாமல்லபுரம். இரண்டிலும் ஒரு பெரிய வசதி உண்டு: புலியும் சரி, புலிக்குகையும் சரி, பகலிலேயே தெரியும். விடியற்காலையில் கிளம்பி, ராத்திரி பத்து மணிக்குள் பிள்ளைகளை எண்ணி ஒப்படைத்துவிடலாம். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போய் ஓர் இரவு தங்கவைத்து வானம் காட்டலாம் என்று அறிவியல் டீச்சராகிய நான் சொன்னேன். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வானம் இங்கயே இருக்கே டீச்சர்?"

இருக்கிறதுதான். ஆனால் தெருவிளக்கும் நகைக்கடை விளம்பரமும் போக வேலூர் வானத்தில் மிஞ்சுகிற நட்சத்திரங்களை ஒரு வகுப்புக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒன்றுகூட வராது. அதே சமயம், ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடியில் திரும்பி ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர். இருட்டாக இருக்கிறது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் நம் மாநிலத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். விஞ்ஞானி வைணு பாப்பு மலை மலையாக இடம் தேடி, 1968இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து ஆரம்பித்தார். 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அதைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988இல் அங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு பாப்புவின் பெயரையே பெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இலேயே காலமாகிவிட்டார்.

பாப்பு பட்ட சிரமத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் தேடியது ஓர் இடத்தை. நான் தேடியது ஒரு ராத்திரியை. இடம் தேடுகிறவர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கேட்க வேண்டியதில்லை.

முதலில் நான் ஆசைப்பட்டது டிசம்பர் 14ஐ ஒட்டி வரும் ஜெமினிட் எரிகல் பொழிவுக்கு. வடகிழக்குப் பருவமழை அந்த ஆசையை அப்படியே மூடியது. மூடாமல் விட்ட மிச்சத்தில் அரையாண்டுத் தேர்வு உட்கார்ந்திருந்தது. ஜனவரியில் பொங்கல், அதைத் தொட்டுக் குடியரசு நாள் அணிவகுப்பு ஒத்திகை. பி.டி. சார் ஒரு பிள்ளையைக்கூட விடமாட்டார். மார்ச் பிறந்தால் மேல்வகுப்புக்குப் பொதுத்தேர்வு. பள்ளியில் உரக்கத் தும்மவும் கூடாது. ஆக, பிப்ரவரி. அதில், காவலூர் பார்வையாளர்களை அனுமதிக்கும் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைகளிலும் நிலாத் தொந்தரவு இல்லாத, அமாவாசையை ஒட்டிய ஒன்று.

கூட்டத்தில் 'அமாவாசை' என்று சொன்னதும் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"அமாவாசையிலயா?" முன்வரிசை அம்மா ஒரு விரலை மடக்கினார். "ராத்திரியிலயா? மலைக்கா?" இரண்டு, மூன்று. நாலாவது விரலையும் மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "வயசுக்கு வந்த புள்ளைங்களையா டீச்சர்?"

நிலா வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்கள் அமுங்கிப்போகும் என்று விளக்கினேன். வெளிச்சம் இருந்தால் நல்லதுதானே, பௌர்ணமிக்குப் போங்கள் என்றார் ஒருவர். பௌர்ணமியன்று சூரியன் மறைகிறபோதே நிலா எழுந்து விடியவிடிய நிற்கும். அத்தனை தூரம் போய் நிலாவை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ்காரர் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார். பௌர்ணமியன்று அவருடைய வண்டி மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் சக்கரமுள்ள எதுவுமே கிடைக்காதாம். எல்லாம் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போய்விடும்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. பௌர்ணமிக்குப் பிறகு நிலா நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தாமதமாக எழும். தேய்பிறையின் பாதியில் அது வருவதற்கே நள்ளிரவு ஆகிவிடும். அதுவரைக்கும் வானம் நம்முடையது. கணக்குப் பார்க்க ஆசிரியர் அறையில் பஞ்சாங்கம் கேட்டேன். எங்கள் தமிழ் ஐயா கறுப்புச் சட்டைக்காரர். கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அறிவியல் டீச்சரே கேட்டுட்டீங்களா?" திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பன்னிரண்டு பாகைக்கு ஒன்றாகக் கணக்கிடுவது, முழுக்க முழுக்க வானியல் என்றேன். "அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் அலுவலக அறையின் தினசரி காலண்டர்தான் கைகொடுத்தது. நான் பார்த்து வைத்த சனிக்கிழமை நவமியில் விழுந்தது. அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாது என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. இது நல்ல காரியம் என்று பெற்றோர் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

ஓர் அப்பா மட்டும் அருமையான யோசனை சொன்னார். "நாலு நாள் தள்ளி மகா சிவராத்திரி வருது. எல்லாரும் எப்படியும் முழிச்சுத்தான் இருப்பாங்க. அன்னைக்கே போயிடுங்களேன்." வானியல்படி இதில் குற்றமே கிடையாது. தேய்பிறைச் சதுர்த்தசியில் விடிகிற நேரத்துக்குத்தான் மெல்லிய பிறை வரும். கண்விழிக்கப் பழக்கப்பட்ட கூட்டமும் கையில் இருக்கும். ஆனால் அது புதன்கிழமை. மறுநாள் பள்ளி உண்டு. அதோடு அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டில் இல்லாவிட்டால் கோயிலுக்கு யார் பூக்கூடை தூக்குவது என்று அவருடைய மனைவியே கேட்டார்.

காலண்டரை இன்னொரு தரம் உற்றுப் பார்த்ததில், அந்தச் சனிக்கிழமை நவமி மதியம் ஒன்றேகாலோடு முடிந்து தசமி பிறப்பது தெரிந்தது. தசமி நல்ல நாள். நிலா எழுவதற்கு இரவு இரண்டு மணிக்கு மேல் ஆகும். எல்லாருக்கும் திருப்தி. காலண்டரின் அடியில் இருந்த சின்ன எழுத்தை யாரும் படிக்காமல் இருந்திருந்தால் கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும். சனிக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம்.

ஆகவே, ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் நடுவே, கால் மணி நேரத்துக்குள், ஒரு வகுப்பு முழுவதும் கடைசியாக ஒரு தடவை பாத்ரூம் போய்விட்டு வந்து, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு, சமாதானமாகி, பஸ்ஸின் முன்சக்கரம் பள்ளி கேட்டைத் தாண்டிவிட வேண்டும். ராக்கெட் ஏவுகிறவர்களுக்கும் இப்படி ஓர் இடைவெளி உண்டு. அவர்களுக்குப் பி.டி. சாருடைய விசில் கிடையாது.

இதன்பின் பேசப்பட்ட விஷயங்களில் முக்கால்வாசி சாப்பாடு. வழியில் ஆம்பூர் இருப்பதால், பிள்ளைகளில் பெரும்பாலோர் இது அறிவியல் முகாமின் பெயரில் நடக்கும் பிரியாணிச் சுற்றுலா என்று உறுதியாக நம்புகிறார்கள். தலைமையாசிரியரும் ஆம்பூர் வரை வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இருட்டைப் பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் பிடிவாதம்தான். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரே ஒரு செல்போன் மின்னினால் போதும், மறுபடி முதலிலிருந்து. எனவே போன் கூடாது. டார்ச் கொண்டுவந்தால் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்க வேண்டும். மங்கலில் பார்க்க உதவும் விழித்திரைக் குச்சி செல்களைச் சிவப்பு ஒளி அவ்வளவாகப் பாதிப்பதில்லை. இத்தனையும் சுற்றறிக்கையில் எழுதினேன். அடுத்த நாள் ஒரு தாத்தா அந்தத் தாளோடு வந்து, தான் புரிந்துகொண்டது சரியா என்று கேட்டார்: "மலைக்கு இட்டுனு போவீங்க. ராத்திரி ஆனதும் வெளிய வரச் சொல்லுவீங்க. எல்லா லைட்டையும் அணைச்சிடுவீங்க. அதுக்கு நாங்க கையெழுத்துப் போட்டு, பணமும் கட்டணும்." சரிதான் என்றேன். போட்டார். பேத்தியின் பிடிவாதம் என்னுடையதைவிடப் பெரிது.

விளக்கே வேண்டாம் என்றும் இல்லை. தங்கப்போகும் தோட்டத்தின் பின்பக்கம் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் விளக்கடித்து, வந்து ஒட்டும் அந்துப்பூச்சிகளைப் பிள்ளைகள் வரைய வேண்டும். இது வானம் பார்க்கிற இடத்திலிருந்து தள்ளி, ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும். வேட்டி தருவதாகச் சொன்ன பி.டி. சார், அது தன்னிடமுள்ள ஒரே பட்டுக்கரை வேட்டி என்பதை வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டார். இப்போது பழைய போர்வையுறை ஒன்று ஏற்பாடாகியிருக்கிறது.

தொலைநோக்கியின் விட்டம் என்ன என்று அம்மாக்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கழிப்பறை எத்தனை, தண்ணீர் குழாயிலா தொட்டியிலா, தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா, அங்கே போகிற வழியிலாவது விளக்கு எரியுமா, துணைக்கு வரும் இரண்டு டீச்சர்களும் எந்த அறையில் படுப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். நான் வாங்கிய எந்தப் பட்டத்துக்கும் இவ்வளவு கச்சிதமாக யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. கேள்விகள் அத்தனையும் நியாயமானவை. பதில் எழுதியே ஒரு நோட்டு தீர்ந்தது.

மேலிடத்து அனுமதியும் வந்துவிட்டது. முறையான வழியில் போய், முறையான வழியில் திரும்பி வந்தது. 'இரவு வான்நோக்கல் முகாமுக்கு அனுமதி அளிக்கப்படுகிறது' என்று தொடங்கி, 'மாணவர்கள் மாலை ஆறு மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன்' என்று முடிந்தது. எல்லாச் சுற்றுலாவுக்கும் அச்சடித்து வைத்திருக்கும் வாசகம் அது. எழுதியவர் மேல் தப்பில்லை. அதைத் திருத்தி வாங்க மறுபடி ஒரு முறையான வழி. இந்த முறை, சூரியன் ஆறு மணிக்குமேல்தான் மறைகிறது என்ற தகவலை இணைப்பாக வைத்தேன்.

இத்தனைக்கும் நடுவே சம்மதப் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: மாணவரின் பிறந்த நட்சத்திரம். ஒரியன் என்றால் விழிக்கிற பிள்ளைகளுக்குத் திருவாதிரை தெரியும். தினமும் வீட்டில் காதில் விழுகிற பெயர். அவரவர் நட்சத்திரத்தை அவரவருக்கு வானத்தில் காட்டிவிட்டால், மற்றவற்றை அவர்களே தேடிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. சம்மதப் படிவத்தில் நட்சத்திரம் கேட்டால் ஊரில் என்ன பேச்சு கிளம்பும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. டீச்சருக்குத் தம்பி இருக்கிறானா என்று விசாரித்திருக்கிறார்கள். ஒரு பாட்டி ஜாதகத்தையே நகலெடுத்து, 'செவ்வாய் தோஷம் இல்லை' என்று பென்சிலில் எழுதி அனுப்பினார்.

பிப்ரவரி முன்னிரவில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம் எல்லாம் உச்சியில் நிற்கும். சித்திரை, சுவாதிக்காரர்கள் பத்து மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் விழித்திருந்தால் போதும். சதயத்துக்கு மட்டும் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்த வாரம் சூரியனே சதயத்தில்தான் நிற்கிறது. "ராஜராஜ சோழன் நட்சத்திரம் டீச்சர்!" என்று அந்தப் பையன் வாதாடினான். ராஜராஜனே வந்து கேட்டாலும் அந்த வாரம் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மாலை, பள்ளி விட்டபிறகு ஓர் அம்மா படிவத்தை நேரில் கொண்டுவந்தார். 'மூலம்' என்று எழுதியிருந்தது. அது விருச்சிகத்தின் வால், தேளின் கொடுக்கு. அன்றைக்கு இரண்டு மணிக்கு மேல்தான் கிளம்பும், அப்போது எல்லாரும் தூங்கியிருப்பார்கள் என்றேன்.

"இந்த நட்சத்திரத்தைச் சொல்லிச் சொல்லியே இவளைப் பேசாத பேச்சில்ல டீச்சர். வரன் பாக்குற வயசு வந்தா இன்னும் பேசுவாங்க. அது எப்பிடித்தான் இருக்குன்னு அவ ஒரு தடவ பாத்துக்கட்டும். எழுப்பிக் காட்டுங்க."

நாலு மணிக்கு எழுப்புகிறேன் என்றேன். அதற்குள் கொடுக்கு நன்றாக மேலே வந்திருக்கும். பக்கத்திலேயே பிறையும் நிற்கும், அன்றிரவு சந்திரனும் மூலத்தில்தான். அம்மா படிவத்தின் ஓரத்தில் 'காலை 4' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

செய்தி எப்படியோ பரவியது. மறுநாள் கேட்டைக்காரர்கள் வந்தார்கள், பின்னாலேயே அனுஷம். திருவோணம் நாலு மணிக்குச் சற்று முன்புதான் அடிவானத்தில் எழும், மரம் மறைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மரமில்லாத பக்கமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இப்போது பாதி வகுப்பு நாலு மணிப் பட்டியலில் இருக்கிறது. பிள்ளைகளை எழுப்புகிற பொறுப்பைப் பி.டி. சார் விசிலோடு ஏற்றுக்கொண்டுவிட்டார். பி.டி. சாரை யார் எழுப்புவது என்பதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.