தம்பி நடந்து வருகிறான்

2022 ஜூலையில் சென்னையில் எந்தத் திருப்பத்தில் திரும்பினாலும் தம்பி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி, கூப்பிய கை, கழுத்துக்கு மேலே குதிரைத் தலை. 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் சின்னம் அவன். நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். உக்ரைன் போரால் ரஷ்யாவின் கையைவிட்டு நழுவிய போட்டியைத் தமிழக அரசு மார்ச்சில் ஏந்திப் பிடித்தது. 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஜூலைக் கடைசியில் மாமல்லபுரத்தில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் காய் நகர்த்திக்கொண்டிருந்தன. ஏற்பாட்டில் பெரிய குறை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அரசாங்கம் நினைத்தால் நாலு மாதத்தில் என்னவெல்லாம் செய்யும் என்பதை அன்று கண்ணாரப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எனக்கு இரத்தக் கொதிப்பு தொடங்கியது அப்போதுதான்.

ஏனென்றால் எனக்கு இன்னொரு தம்பியையும் தெரியும்.

எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கிறான். ஏழாம் வகுப்பு. காலை ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஓர் ஓடை, இரண்டு கரும்புத் தோட்டம், நாய் உள்ள ஒரு களத்துமேடு எல்லாம் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர நாலரை கிலோமீட்டர். மழை பெய்தால் ஓடை அவனுக்கு விடுமுறை விடும். மாவட்ட ஆட்சியரைவிட அது விரைவாக முடிவெடுக்கும்.

சட்டம் இவனை மறக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் போய்வர வசதி செய்து தர வேண்டும். அதற்காக மத்திய அரசின் ‘சமக்ர சிக்ஷா’ பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தரலாம். பத்து மாதப் பள்ளிக்கு மாதம் 600. ஒரு நாளைக்கு 25 ரூபாய். மேடையில் வரிசையாக நிற்கிற பெரிய மனிதர்களுக்குப் போர்த்துகிறோமே பொன்னாடை, அது அடுத்த நிமிடமே உதவியாளர் கைக்குப் போய்விடுகிறதே, அந்த ஒரு துண்டின் விலையில் இந்தப் பிள்ளை பல நாள் ஆட்டோவில் வரலாம்.

இந்த 25 ரூபாயை வாங்க எங்கள் தலைமையாசிரியர் பட்ட பாட்டைக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு, கல்வித் துறை தரும் எமிஸ் எண் வேண்டும். ஆட்டோக்காரரின் உரிமம், வண்டிக் காப்பீடு வேண்டும். குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்துக்கு ஒரு சான்று வேண்டும். எல்லாம் கொடுத்தார். தூரத்தில் வந்து இடித்தது. அலுவலகக் கணினியில் வரைபடத்தை விரித்துக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னாராம்: “2.9 கிலோமீட்டர்தான் சார் வருது. மூணுக்கு உள்ள.”

“அது காக்கா பறக்கிற தூரம் சார். எங்க பிள்ளைங்க நடந்து வருது.”

“சிஸ்டம் அப்படித்தான் சார் காட்டுது.”

சிஸ்டம் காட்டியபடியே இரண்டு மாதம் ஓடியது. அதுவரை முடிந்த நாட்களில் ஓர் ஆட்டோ பிடித்து, அதற்கு டீசல் போட்டவர் தலைமையாசிரியர். அந்தச் செலவுக்கு எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லை. அவருடைய மனைவி மட்டும் வீட்டில் தணிக்கை நடத்தினார்.

இதற்கு நடுவே மேலேயும் ஒரு சண்டை. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான சமக்ர சிக்ஷா பங்கு 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்திவைத்தது. தேசியக் கல்விக் கொள்கையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறார்கள் என்பது சென்னையின் பதில். அது நியாயமான பதில்தான். 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மும்மொழி, இருமொழி, கூட்டாட்சி, அரசமைப்புச் சட்டம் என்று தொலைக்காட்சியில் அனல் பறந்தது. எல்லாம் பெரிய விஷயங்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான பணத்தைப் பிணையாகப் பிடித்துவைத்து ஒரு மாநிலத்திடம் கையெழுத்துக் கேட்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு. கந்துவட்டிக்காரர்கள்கூட மாட்டைத்தான் ஓட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளையின் புத்தகப் பையில் கை வைப்பதில்லை.

சென்னைக்கு மட்டும் புனிதப் பட்டம் கட்டிவிட வேண்டாம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம், இரவு வெளிச்சத்தில். பாதையின் நீளம் 3.5 கிலோமீட்டர். இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய விதிப்படி, ஒரு சுற்றுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவதால் அந்தக் கார்களுக்குப் போக்குவரத்துப் படி உண்டு! படி கிடைக்கவும் கிடைத்தது. சாலையைச் செப்பனிட்டார்கள், தடுப்பு வைத்தார்கள், விளக்குப் போட்டார்கள். தனியார் நடத்தும் பந்தயத்துக்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்டு உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போட்டியைத் தள்ளிவைத்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஊருக்குப் புயல் செய்த ஒரே நன்மை அது.

அந்தப் பந்தயத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பாதை பாதுகாப்பானது என்று பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பு சான்றிதழ் தரும்வரை சனிக்கிழமை கார்கள் பாதையில் இறங்கவில்லை. சான்றிதழ் எங்கே என்று உயர் நீதிமன்றம் கெடு வைத்துக் கேட்டது. கெடு தள்ளிப்போனது, அமைச்சர்கள் காத்திருந்தார்கள், பார்வையாளர்கள் காத்திருந்தார்கள். ஓர் உயிருக்குக்கூட ஆபத்து வரக் கூடாது என்று எவ்வளவு கவனம்! எங்கள் ஓடைக்கும் களத்துமேட்டு நாய்க்கும் சான்றிதழ் தர எந்தக் கூட்டமைப்பு இருக்கிறதென்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இதையெல்லாம் ஒரு கட்சியின் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க நினைப்பவர்களுக்காக, வேறு கட்சி ஆண்ட 2017ஐயும் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழா. மதுரையில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் போனது, அடுத்த ஆண்டு சென்னையில் முடிந்தது. 1982இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்து பள்ளிப் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தவர் அவர். அவர் பெயரில் நடந்த விழாவில் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்தார்கள். நாற்காலி காலியாக இருந்தால் தலைவர்களுக்கு மனம் வாடிவிடும் அல்லவா? கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, மாணவர்களை இந்த விழாக்களுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? அந்தப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுபோன பேருந்துக்கு மேலாண்மைக் குழுத் தீர்மானம் கேட்கவில்லை. தூரச் சான்று கேட்கவில்லை. வரைபடத்தில் யாரும் கோடு போட்டுப் பார்க்கவில்லை. விடியற்காலை ஆறு மணிக்கு வண்டி வாசலில் நின்றது.

அதே விழாவுக்காகக் கோவை அவினாசி சாலையில் வைத்த அலங்கார வளைவு இருந்த இடத்தில், அந்த நவம்பரில் பைக்கில் போன ஓர் இளம் பொறியாளர் இறந்துபோனார். வளைவுதான் கொன்றது என்றார்கள் மக்கள். லாரி மோதியது என்றார்கள் அதிகாரிகள். அவரைக் கொன்றது யார் என்று அந்தச் சாலையிலேயே பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள். கட்சி மாறும், கொடி மாறும், வளைவில் சிரிக்கும் முகம் மாறும். பந்தல்காரர் மாறமாட்டார்.

வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் துபாய், ஷார்ஜா என்று அரசே விமானத்தில் அழைத்துப் போனது. நான் கைதட்டினேன், இன்றும் தட்டுவேன். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமா மேகம்? வென்ற பிள்ளைக்கு விமானம் தரலாம். வெல்லாத பிள்ளைக்கு ஓர் ஆட்டோ. நான் கேட்பது அவ்வளவுதான்.

சரி, கோபப்பட்டால் போதுமா, கணக்குக் கேட்போம் என்று போன ஆண்டு உட்கார்ந்தேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. இரண்டே கேள்வி. எங்கள் மாவட்டத்தில் நடந்த ஓர் அரசு விழாவுக்குக் கூட்டம் ஏற்றிவந்த பேருந்துகளுக்கு வாடகை எவ்வளவு, எந்தத் தலைப்பில், யார் கொடுத்தது? அதே ஆண்டு எங்கள் ஒன்றியத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி கொடுத்தீர்கள்?

இரண்டாம் கேள்விக்குப் பதில் இருபதே நாளில் வந்தது. அருமையான அட்டவணை. பள்ளிவாரியாக எண்ணிக்கை, தசமப் புள்ளி வரை தூரம், வராத நாளுக்குப் பிடித்தம், மிச்சம், திருப்பிக் கட்டிய தொகை. பைசா சுத்தம். படித்துவிட்டு எழுந்து நின்று வணங்கலாம்போல் இருந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வராததால் அரசுக்கு 75 ரூபாய் மிச்சம். அந்த 75 ரூபாய் எங்கே இருக்கிறது என்று இந்த அரசுக்குத் தெரியும்.

முதல் கேள்வி சுற்றுலா கிளம்பியது. சட்டத்தின் பிரிவு 6(3) என்று ஒன்று இருக்கிறது. தகவல் தன்னிடம் இல்லையென்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றிவிட வேண்டும். குடிமகனின் அலைச்சலைக் குறைக்க வந்த பிரிவு. நம்மவர்கள் அதைக் கல்விச் சுற்றுலாத் திட்டமாக நடத்துகிறார்கள். கேட்ட அலுவலகம் போக்குவரத்துக்கு அனுப்பியது. போக்குவரத்து, விழா ஏற்பாடு எங்களுடையதல்ல என்று இன்னொரு துறைக்கு அனுப்பியது. அந்தத் துறை வட்டாட்சியருக்கு. அவர் மறுபடி முதலில் கேட்ட இடத்துக்கே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கு ஒரு நகல் வந்தது. என் மனு பார்த்த ஊர்களை நான் பார்த்ததில்லை. அதற்கு பஸ் பாஸ் வேண்டாம், சீருடை வேண்டாம், எமிஸ் எண் வேண்டாம். அரசு செலவிலேயே போய்வந்தது. அந்தத் தபால் செலவை மட்டும் கூட்டினால் எங்கள் தம்பிக்கு ஒரு வாரம் ஆட்டோ ஓடியிருக்கும்.

முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு பதில் வந்தது. ‘தாங்கள் கோரிய தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இல்லை.’

75 ரூபாய் தொகுக்கப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான பேருந்துகள் தொகுக்கப்படவில்லை. இதைத் திறமைக் குறைவு என்று சொல்லாதீர்கள். அட்டவணை போடத் தெரிந்த அதே கைதான் இது. எதை எண்ண வேண்டும், எதை எண்ணவே கூடாது என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும். மேலே தணிக்கைத் துறை இருக்கிறது, பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. அவர்கள் வந்து கேட்பதற்குள் பந்தல் பிரித்து, மூங்கில் மக்கி, கையெழுத்துப் போட்டவர் ஓய்வுபெற்றுப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துகொண்டிருப்பார், காரில்.

பதிலின் கடைசி வரியில் ஒரு சலுகை இருந்தது. குறிப்பிட்ட தேதியில் காலை பதினோரு மணிக்கு மாவட்டத் தலைநகரில் உள்ள அலுவலகத்துக்கு நேரில் வந்து கோப்புகளைப் பார்வையிடலாம் என்று. எழுதி வைத்துக்கொண்டு, அன்று எட்டு மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். எட்டு, எட்டரை, ஒன்பது. சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். டீக்கடைக்காரர்தான் கடைசியில் இரக்கப்பட்டார்.

“இன்னிக்கு வண்டி வராது சார். டவுன்ல ஏதோ ஃபங்ஷனாம், எல்லா பஸ்ஸும் ஆள் ஏத்தப் போயிடுச்சு.”

பிள்ளைகள் நடக்க ஆரம்பித்தார்கள். நான் வீட்டுக்குத் திரும்பி, இன்னொரு பத்து ரூபாய் வில்லையை எடுத்து ஒட்டினேன். இந்த முறை ஒரே கேள்வி: அன்று காலை எங்கள் ஊருக்கு வரவேண்டிய பேருந்து எங்கே போனது, அதற்குப் பணம் கட்டியது யார்? முப்பது நாள் கெடு சென்ற வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.