நகலாருக்கு நல்வாழ்வு வேண்டி ஒரு விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய கவுண்டர் சமஸ்தானத்துக்கு,

பிரிக்பீல்ட்ஸ் பிரஜை பணிவோடு எழுதிக்கொள்வது. நேற்று கிள்ளானில் தங்கள் கவுண்டர் ஒன்றுக்கு அம்மாவை அழைத்து வந்தேன். பால்மரம் வெட்டியே ரேகை தேய்ந்த பெருவிரல் அவருக்கு. கருவியில் வைத்தார், சிவப்பு விளக்கு. ஈரத்துணியில் துடைத்து வைத்தார், மறுபடியும் சிவப்பு. வரிசை முழுக்கக் கேட்கும்படி தங்கள் ஊழியர் விசாரித்தார்: "இது யார் விரல்?" பிறகு தீர்ப்பு வந்தது. ஐசி (அடையாள அட்டை) ஃபோட்டோஸ்டாட் வேண்டும், முன்னும் பின்னும். ஐசி கையில் இருக்கிறது, ஐசிக்கு உரியவரும் எதிரில் நிற்கிறார். அதெல்லாம் செல்லாதாம்.

தங்கள் ஞானத்தை மெச்சுகிறேன். அசலுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், கேள்வி கேட்கும். நகல் கோப்பில் படுத்தே கிடக்கும்.

என் நகல்களும் என்னைவிட வசதியாகத்தான் வாழ்கின்றன. ஒன்று கொண்டோ காவலாளியின் மேசையில் காற்று வாங்குகிறது. ஒன்று ஜாலான் தெங்கு கிளானாவில் கைப்பேசிக் கடை இழுப்பறையில் குடியிருக்கிறது. இன்னொன்று எங்கே சுற்றுகிறதோ தெரியாது. வட்டி முதலை ஆலோங்கிடம் கடன் வாங்குவது அதுவாக இருக்கும், வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வாங்குவது நானாக இருப்பேன்.

2001லேயே சில்லு பதித்த ஐசியான மைகார்ட் தந்த பெருமை நம் நாட்டுக்கு உண்டு. அந்தச் சில்லின் இன்றைய உத்தியோகம், ஃபோட்டோஸ்டாட்டில் கறுப்புச் சதுரமாக விழுவது. 2024 ஜனவரியில் பாடு என்ற அரசுத் தரவுத் தளம் வந்தபோது, ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் இன்னொருவர் பெயரில் பதிவைத் தொடங்கிவிடலாம் என்ற புகார் எழுந்தது. நகலுக்கே வேலை வைக்காத முன்னேற்றம்!

2022இல் 2 கோடியே 25 லட்சம் மலேசியர்களின் விவரம் என்று சொல்லி இணையத்தில் விலை பேசினார்கள். தேசியப் பதிவிலாகாவிலிருந்து போகவில்லை என்றார் அன்றைய உள்துறை அமைச்சர். வேறு எங்கிருந்து போனது? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டாது. கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள், தொலைத்தால் பதில் சொல்ல வேண்டாதவர்கள் நீங்கள். அம்மாவின் விரலைப் பார்த்து யாருடையது என்று கேட்க எப்படி வாய் வந்தது?

மன்னிக்கவும், பேனா வழுக்கிவிட்டது. தங்கள் சமூகம் நீடூழி வாழ்க.

சுமார் எட்டு லட்சம் பேரே உள்ள பூட்டான் அடையாளம் காட்டுவதில் 2023லேயே வேறு வழியில் போய்விட்டது. அரசு கையொப்பமிட்ட சான்று குடிமகனின் கைப்பேசியில் இருக்கும், திறவுகோலும் அவரிடமே. வயது கேட்டால் வயதை மட்டும் காட்டலாம். முகவரி எதற்கு? பார்ப்பவர் கையொப்பம் மெய்யா என்று சோதித்தால் போதும், யாருடைய தரவுக் கிடங்கையும் தட்ட வேண்டாம். நம் மை டிஜிட்டல் ஐடி விவரங்களைச் சேமிக்காது, பதிவிலாகாவிடம் கேட்டுச் சரிபார்க்கும் என்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கிடங்கும் சாவியும் இன்னும் தங்கள் இடுப்பில்தான். (அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதற்கும் ஒரு வழி யோசியுங்கள், சம்பளம் வாங்குகிறீர்கள் அல்லவா?)

அதுவரைக்கும் ஒரு சின்ன வரம். என் விவரத்தை எந்த அலுவலகம் எந்தத் தேதியில் திறந்து பார்த்தது என்ற பட்டியலையாவது எனக்குக் காட்டுங்கள். எஸ்தோனியாவில் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு, ரொம்ப ஊர் சுற்றும் நகலை நானே போய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சான்றொப்பம் பெறாத அசல்